பின்னணியில் ஓடும் வேலை எழுதும் கையை நிறுத்தக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு அலுவலகங்களின் அன்றாட வேலைகளைக் கணினியிடம் ஒப்படைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாதச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள்களை மட்டுமே அது எடுத்துச் சொல்லியிருந்தது. கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறு தேயிலை விவசாயிகளின் பசுந்தேயிலை எடைக்கணக்கை ஆறு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அந்த வேலையைச் சந்தா ஏதுமின்றி ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியிலேயே (கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) செய்துவருவதால், இதுபற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸ் கட்டற்ற மென்பொருள். யாரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம். அதற்குள்ளேயே லிஸ்ப் மொழியில் நிரல் எழுதி, குறித்த இடைவெளியிலோ, விசைப்பலகையைத் தொடாமல் சற்று நேரம் இருக்கும்போதோ ஒரு வேலை தானே தொடங்கும்படி செய்யலாம். முன்னதற்கு 'ரன்-வித்-டைமர்' என்றும் பின்னதற்கு 'ரன்-வித்-ஐடில்-டைமர்' என்றும் பெயர். நாம் எதுவும் சொல்லாமலேயே சுமார் 300 விசைத் தட்டல்களுக்கு ஒருமுறையும், தட்டச்சு 30 வினாடி அளவுக்கு நின்றாலும், எழுதியதை அது தனியே ஒரு கோப்பில் சேமித்துவைக்கும். அடிக்கடி மின்தடை ஏற்படும் எங்கள் மலைப்பகுதியில் இந்த ஒரு வசதிக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வசதியையும் என் அரைகுறை அறிவு ஒருநாள் பயனற்றதாக்கியது. எடைக்கோப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோவையில் உள்ள உறவினரின் கணினிக்கு நகலெடுக்கும் நிரலை எழுதி, அதை 'கால்-ப்ராசஸ்' என்ற கட்டளையால் இயக்கியிருந்தேன். தொடங்கிய வேலை முடியும்வரை ஈமாக்ஸை வேறு எதையும் செய்யவிடாத கட்டளை அது. இணைப்பு சரியாக இருந்தால் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும்; குறை வெளியே தெரியாது. ஐப்பசி மழை பெய்த ஒரு மாலையில் கைப்பேசி இணைப்பு வருவதும் போவதுமாக இருந்ததால், நகல் வேலை பாதியில் காத்துக் கிடந்தது. நான் திரையைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்தபடி பதினொரு பேரின் எடையைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பெயருக்கும் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டே போனேன். தட்டிய எழுத்துகள் வரிசையில் நின்றனவே தவிரக் கோப்பில் ஏறவில்லை. தானாகச் சேமிக்கவும் ஈமாக்ஸுக்கு வழியில்லை. அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. டிக் போட்டவை எல்லாம் ஏறிவிட்டன என்று நம்பி மறுநாள் அடுத்த பெயரிலிருந்து தொடங்கினேன். தேயிலை வாரியம் அறிவித்த விலையை வைத்து மாதக் கடைசியில் கணக்கு முடித்தபோது, "என் பதினெட்டு கிலோ இதில வரலையே, தம்பி" என்று ஓர் அம்மா கேட்ட பிறகுதான் பிழை தெரிந்தது. இலை கிள்ளிய கைக்குச் சேர வேண்டிய பணம் அது. பதினொரு பேருக்கும் திருத்திக் கொடுத்தோம் என்றாலும் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

திருத்தம் எளிதாகவே இருந்தது. 'மேக்-ப்ராசஸ்' என்ற கட்டளை, நகலெடுக்கும் வேலையைத் தனியாக ஓடவிட்டு உடனே கையைத் திருப்பித் தந்துவிடுகிறது. நாம் எழுதிக்கொண்டே இருக்கலாம். வேலை முடிந்ததும் 'சென்டினல்' எனப்படும் காவல் நிரலை ஈமாக்ஸ் அழைக்கும். முடிவு எண் 0 என்றால் வெற்றி. வேறு எந்த எண் வந்தாலும் திரையின் அடியில் எச்சரிக்கை காட்டவும், நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கவும் அதில் சொல்லியிருக்கிறேன். முந்தைய நகல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதிருக்க 'ப்ராசஸ்-லைவ்-பி' என்ற சோதனையும் வேண்டும். 2018இல் வந்த 26ஆம் பதிப்பு முதல், ஈமாக்ஸுக்குள்ளேயே வேலைகளைப் பிரித்து ஓடவிடும் 'இழைகளும்' உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே இழைதான் ஓடும் என்பதால், நீண்ட வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டுக் கவலையற்று இருக்க முடியாது.

காத்திருக்க வைக்கும் கட்டளைக்கும் தனியாக ஓடவிடும் கட்டளைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கிலக் கையேட்டை அகராதியோடு படித்தே தெரிந்துகொண்டேன். ஈமாக்ஸுடனே வரும் தொடக்கப் பயிற்சி ஜப்பானியம், கொரியம், தாய், எபிரேயம் முதலிய மொழிகளில் இருக்கிறது. என்னிடமுள்ள பதிப்பில் தமிழில் இல்லை. அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதுவது புதிதல்ல. தாங்கள் அன்றாடம் எழுதும் கருவிக்குள்ளேயே அந்த அறிவைப் பயன்படுத்தலாம் என்பதை அவர்களுக்குக் காட்ட ஒரு தமிழ்க் கையேடு போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அப்படியொரு கையேட்டை வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தானாக ஓடும் வேலை தோற்றால் அதை எப்படி அறிவது என்பதைப் பிற்சேர்க்கையில் ஒதுக்காமல், முதல் பயிற்சியிலேயே சொல்ல வேண்டும். அம்முயற்சிக்கு, எடைக்கணக்குக்காக நான் எழுதிய நிரலை வரிக்கு வரி தமிழ் விளக்கத்துடன் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.