மகனுக்கு, இடையன்குடியிலிருந்து

அன்புள்ள தம்பி,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். மூட்டுவலி மழைக்காலத்தில்தான், இப்போது இல்லை. நீ அனுப்பிய பணம் வந்தது. கோயில் அசன விருந்துக்குக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். கோயிலில் காணிக்கை கொடுத்தவர்கள் பெயரை வாசித்தபோது உன் பெயரும் வந்தது. சந்தோஷமாக இருந்தது. போன வருஷம் வரைக்கும் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள். இந்தத் தடவை நீ உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தாய். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். உன் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. போனில் மருமகளைக் கேட்டால், பாப்பாவுக்கு லீவு, நாகர்கோவிலில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்கிறாய். சரி. பள்ளிக்கூடம் எப்போது திறந்தது என்று எனக்கும் தெரியும் தம்பி, நானும் டீச்சராக இருந்தவள்தான்.

உன்னைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. அப்பா போன பிறகு ஒன்றாம் தேதி தவறாமல் பணம் அனுப்புகிறாய். குடி இல்லை, வீண் செலவு இல்லை. இந்தத் தெருவில் உன்னைச் சொல்லித்தான் மற்ற பையன்களைத் திட்டுகிறார்கள். ஆனால் உனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். சின்ன வயதிலேயே அப்படித்தான். கத்துகிறவனிடம் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். பேசாமல் இருக்கிறவனிடம் ஒரு பெண் என்ன செய்வாள்?

சாமுவேல் புத்தகத்தில் எல்க்கானாவை நினைத்துப் பார். பிள்ளையில்லாத தன் மனைவி அன்னாளுக்குப் பலியில் இரட்டிப்பான பங்கு கொடுத்தான். அவள் அழுதாள், சாப்பிடவில்லை. "அன்னாளே, ஏன் அழுகிறாய்?" என்று கேட்டான். கேட்ட கையோடு, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகமல்லவா என்று தன் பெருமையையும் சொல்லிவிட்டான் பார், அது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்டான். பங்கைக் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று எழுந்து போய்விடவில்லை. வீட்டு வாடகை, பிள்ளையின் ஃபீஸ், மளிகை எல்லாம் நீ சரியாகக் கொடுப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டாயா?

பேதுரு புருஷர்களுக்கு எழுதினதை நீ வாலிபர் கூட்டத்தில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கினாய். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்றார். எதற்காக? "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு." வீட்டில் அவளோடு பேச்சு இல்லை என்றால் மேலே போகிற ஜெபமும் நின்றுவிடும் என்றுதானே அதற்கு அர்த்தம். காணிக்கையும் அப்படித்தான். பலிபீடத்தின் முன்னாலேயே காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகிவிட்டு அப்புறம் வா என்றார் ஆண்டவர். ஆகையால் முதலில் நீ பேசு. யார் மேல் தப்பு என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கலியாண வீடுகளில் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து, மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்கிற இடத்திலேயே நின்று பிரசங்கம் பண்ணிவிடுகிறார்கள். எண்ணிப் பார். மனைவிகளுக்கு 22 முதல் 24 வரை மூன்றே வசனம். அதற்கு அப்புறம் 33 வரைக்கும் பெரும்பாலும் புருஷனுக்குத்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல நீ அவளை நேசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உன் மரியாதையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது அதன் பக்கத்தில் எம்மாத்திரம்?

அவளைக் கை நீட்டி அடித்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. இந்த வீட்டில் அது நடந்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால் நான் அவள் பக்கம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பாவுக்கும் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்துவிடுவார், அதை மட்டும் விட்டதில்லை. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற இடம் வரும்போது அவர் குரல் இறங்கிவிடும். ஆமென் சொன்னதும் "சோறு போடு" என்பார். அதுதான் அவர் சமாதானம். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் மனைவிக்குப் போதாது, போத வேண்டும் என்றும் இல்லை. அவளுக்கு வாயைத் திறந்து சொல்லு. சொன்ன பிறகு பாப்பாவையும் நடுவில் வைத்து பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணுங்கள், பத்து நிமிஷம் போதும். சென்னைக்குப் போன பிறகு குடும்ப ஜெபம் உண்டா என்று கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய்.

இன்னொன்று. என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போவது பற்றி உங்களுக்குள் பேச்சு வந்ததாக என் காதில் விழுந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. பிரச்சினை அதுதான் என்றால் இன்றைக்கே அதை விட்டுவிடு. புருஷன் தன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்று ஆதியாகமத்தில் எழுதியிருக்கிறது. அப்போது ஆதாமுக்குத் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. பின்னால் வரப்போகிற நமக்காகத்தான் அதை எழுதி வைத்தது. நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். கோயில் பக்கத்தில் இருக்கிறது, பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது. என்னைக் காரணம் காட்டி நீ அவளிடம் பேசாமல் இருந்தால் அந்தப் பாரம் என் தலையில்தான் விழும். அதை நான் சுமக்க மாட்டேன்.

நாகர்கோவில் பெண் நம் ஊருக்கு ஒத்துவருவாளா என்று நிச்சயத்தின்போது சிலர் கேட்டார்கள். இந்த ஊரில் ஊழியம் செய்த மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1844இல் கலியாணம் முடித்த எலிசா அம்மாவும் நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகள்தானே என்று உன் தாத்தா ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார். இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் வேலையும் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாதான். ஐயரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அம்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. நீ அப்படி இருக்காதே. மூட்டுவலியில் நான் படுத்துக்கிடந்தபோது என் காலுக்கு எண்ணெய் தேய்த்தவள் உன் மனைவி. உன்னிடம் அதைச் சொல்லியிருக்கக்கூட மாட்டாள்.

ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. முருங்கைக்காய் விலை இறங்கிவிட்டது. கருப்பட்டி உனக்கென்று வாங்கினேன், அதை நாகர்கோவிலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். பாப்பாவுக்குப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடு. வழக்கம்போல வள்ளியூரில் இறங்காதே. நாகர்கோவிலில் இறங்கு. என்னை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

உன் அம்மா