முரளிக்கு, ஷெப்பர்ட் விவகாரமாக

தண்டையார்பேட்டை

அன்புள்ள முரளி,

கடிதமா அது, புகார் மனுவா? மாஸ் எஃபெக்ட் வீடியோ கேமின் மூன்று பாகத்தையும் முடித்துவிட்டு, அந்தக் கடைசி முடிவைப் பார்த்து "இதுக்கா மச்சான் இவ்ளோ நாள் ஆடினேன்?" என்று கேட்டிருக்கிறாய். 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தபோதே ஊர் உலகமெல்லாம் கேட்ட கேள்விதான். உனக்கு அப்போது கல்யாண வேலை, அப்புறம் மஸ்கட். தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறாய்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மெட்ரோ வந்த பிறகு விம்கோ நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாகவே போய்வருகிறார். லிஃப்ட் இருக்கிறதே, அந்தத் தைரியம். நாம் பழியாகக் கிடந்த கேம் சென்டர் இப்போது பிரியாணிக் கடை. பிரியாணி சுமார்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாம் ஆட்ட நாயகன் ஷெப்பர்டின் மண்டைக்குள் நடந்தது" என்ற கதையைப் படித்துவிட்டுத் துள்ளியிருக்கிறாய். இன்டாக்ட்ரினேஷன் தியரி, அதாவது மூளைச்சலவைத் தியரி. லண்டனில் நடக்கும் கடைசிப் போரில், உலகங்களை அழிக்க வந்த ரீப்பர் இயந்திரங்களில் ஒன்றான ஹார்பிஞ்சரின் கதிர் அடித்து ஷெப்பர்ட் விழுகிறானே, அதற்குப் பிறகு வருவதெல்லாம் ரீப்பர்கள் அவன் மூளையை வளைக்கக் காட்டும் மாயை என்கிறார்கள். சாட்சிகளும் லேசுப்பட்டவை இல்லை. எழுந்தவன் கையில் இருக்கும் துப்பாக்கியில் குண்டு தீர்வதே இல்லை. தன் மேலதிகாரி ஆண்டர்சனை வயிற்றில் சுட்டபின் ஷெப்பர்ட் தன் வயிற்றைத் தடவிப் பார்க்கிறான், கையெல்லாம் ரத்தம். மூன்றாம் பாகத்தின் முதல் காட்சியில் ஒரு சின்னப் பையன் விண்கலத்தில் ஏறத் தடுமாறும்போது பக்கத்தில் நிற்கும் ஒருவர்கூடக் கை கொடுப்பதில்லை. ஷெப்பர்ட் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பையனா? அதே பையன் உருவத்தில்தான் கடைசியில் ரீப்பர்களை ஆட்டிவைக்கும் கேட்டலிஸ்ட் விண்வெளி நிலையத்தில் வந்து நின்று, மூன்று முடிவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது நிறங்களைப் பற்றிய வாதம். முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ரீப்பர்களை அடக்கி ஆளலாம் என்பது வில்லன் இல்லூசிவ் மேனின் ஆசை, அது நீலம். இயந்திரத்தோடு கலந்துவிடலாம் என்பது முதல் பாகத்திலேயே அதன் வில்லன் சாரன் பேசிய பேச்சு, அது பச்சை. இரண்டு பேருமே ரீப்பர்களிடம் மூளையைப் பறிகொடுத்தவர்கள். ரீப்பர்களை அழிப்பதற்கு மட்டும் இந்த ஆட்டம் கெட்டவன் பாதைக்கு வைத்திருக்கும் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்து, படைபலமும் போதுமான அளவு சேர்த்திருந்தால்தான் இடிபாட்டுக்குள் ஒரு உடம்பு சட்டென்று மூச்சை இழுக்கும். பார்த்தாயா இல்லையா? கான்கிரீட் குவியல் அது. விண்வெளி நிலையத்தில் கான்கிரீட் எங்கிருந்து வந்தது என்று கேட்டே பலர் ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

இருந்தாலும் நான் நம்பவில்லை, முரளி. எல்லாம் மாயை என்றால் லண்டனில் போர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ரீப்பர்கள் தோற்கவில்லை. அப்படியென்றால் நமக்கு மட்டமான முடிவு கிடைக்கவில்லை, முடிவே கிடைக்கவில்லை. அது இன்னும் மோசம் இல்லையா? உண்மையான முடிவைப் பின்னால் இறக்குவார்கள் என்று ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் 26 அன்று, முடிவை நீட்டிய எக்ஸ்டெண்டட் கட் இலவசமாகவே வந்தது. வந்து, நடந்ததெல்லாம் நிஜம்தான் என்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்தது. பையனைச் சுட்டால் அவன் குரல் மாறி உறுமுகிற இடம் ஒன்றையும் சேர்த்தார்கள். தியரிக்காரர்களுக்கு அது தீபாவளி. குண்டு தீராத துப்பாக்கிக்கு என் விளக்கம் சாதாரணமானது: நடக்கவே முடியாத ஆளை வைத்து எடுத்த காட்சியில் ஆட்டக்காரன் குண்டில்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

ரசிகர்களின் கோபம், முடிவு சோகமாக இருந்ததால் வந்தது என்று சிலர் சொன்னார்கள். சுத்தப் பேத்தல். ராக்னி இனத்தின் ராணியை உயிரோடு விட்டாயா, கூட்டாளி ரெக்ஸைச் சுட்டாயா என்று மூன்று பாகமும் கணக்கு எழுதிக்கொண்டே வந்த ஆட்டம் அது. ஏ, பி, சி என்று பொறுக்குகிற முடிவாக இருக்காது என்று இயக்குநர் கேஸி ஹட்சனும் முன்கூட்டியே பேசியிருந்தார். கடைசியில் மூன்று நிற வெடிப்பு. அதைக் கிண்டலடிக்க ரசிகர்கள் பணம் சேர்த்து, எட்மண்டனில் இருக்கும், ஆட்டத்தைத் தயாரித்த பயோவேர் அலுவலகத்துக்கு 400 கப்கேக் அனுப்பினார்கள். மேலே மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. தியரி அந்தக் கணக்கைத் திரும்பக் கொடுத்தது. நீ இத்தனை நாள் எதற்குப் போராடினாய் என்பதை ஞாபகம் வைத்திருந்தால் ஜெயிப்பாய், மறந்தால் தோற்பாய். ஆட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றாதது ஆடியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் நம்பாவிட்டாலும் நான் அதைக் கேலி செய்வதில்லை.

நீ வைத்திருக்கும் லெஜண்டரி எடிஷன் தொகுப்பிலேயே சிட்டடெல் என்ற கூடுதல் பகுதி (டிஎல்சி) இருக்கிறது. அதை ஆடாமல் விட்டிருந்தால் சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் திறந்து ஆடு. கூட்டாளிகள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிக் கும்மாளம் போடுவார்கள். எனக்கு ஆட்டம் அங்கேதான் முடிகிறது.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? இவ்வளவு புலம்பியவன் எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று மட்டும் எழுதவில்லை. பச்சை என்றால் இப்போதே சொல்லிவிடு, காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கும் செலவு மிச்சம்.

உன்,
சேகர்