நான்கு கறுப்புக் கப்பல்கள்: எங்கள் இசை நாடகத்துக்கு உதவுங்கள்

வணக்கம். தோக்கியோவிலும் யோக்கோஹாமாவிலும் வசிக்கும் நாங்கள் 22 பேர் சேர்ந்து வரும் நவம்பர் கடைசி ஞாயிறு ஒரு இசை நாடகம் போடுகிறோம். பாட்டும் வசனமும் தமிழ், கதை முழுக்க ஜப்பானுடையது.

1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு கறுப்புக் கப்பல்களோடு உராகா துறைமுகத்தில் வந்து நிற்பதில் கதை தொடங்குகிறது. இருநூறு வருஷத்துக்கு மேல், நாகசாகியின் தெஜிமாவில் இருந்த டச்சுக்காரர்களைத் தவிர வேறு மேற்கத்தியர் யாரையும் அண்டவிடாத நாடு இது. பீரங்கிக்குப் பயந்து கதவைத் திறந்தவர்கள் அடுத்த முப்பது வருஷத்துக்குள் குடுமியை வெட்டி, ரயில் விட்டு, நாட்காட்டியைக்கூட மாற்றிவிட்டார்கள். 1854இல் பெர்ரி பரிசாகக் கொண்டுவந்த குட்டி ரயிலுக்குள் உட்கார இடமில்லாததால் ஒரு ஜப்பானிய அதிகாரி கூரைமேல் ஏறிக்கொண்டு அங்கி பறக்கப் பறக்கச் சுற்றி வந்தாராம், அந்தக் காட்சியை ஒத்திகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் நாடகத்தின் உயிர் இசைதான். முதல் பாடல்கள் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தோடு, மியாகோ-புஷி என்ற ஜப்பானிய ஸ்வர வரிசையில் வரும். நம் ‘கர்நாடக சுத்த சாவேரி’ ராகத்துக்கும் (வெறும் சுத்த சாவேரி அல்ல) அதே ஐந்து ஸ்வரங்கள்தான், கேட்டால் அசந்துபோவீர்கள். அப்புறம் மெல்ல மெல்ல பியானோ, டிரம்பெட் எல்லாம் உள்ளே வரும். 1881இல் தொகுத்த பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு ஸ்காட்லாந்து மெட்டுக்கு ஜப்பானிய வரிகள் எழுதிச் சேர்த்தார்களே, இன்றும் இங்கே பள்ளிப் படிப்பு முடிக்கும் விழாக்களில் பிள்ளைகள் பாடுவது, அதில்தான் நாடகம் முடிகிறது.

பதிவு செய்த இசையை ஓடவிட்டால் செலவு பாதியாகும் என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வாத்தியம் ஒதுங்கி இன்னொன்று மேடைக்கு வருவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. அதனால் ஷாமிசென், ஷாகுஹாச்சி (மூங்கில் குழல்) கலைஞர்களை நேரில் அழைத்து முறையான சம்பளம் கொடுக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மொத்தச் செலவு 9,00,000 யென். இசைக்கலைஞர்களுக்கு 3,20,000, அரங்கத்துக்கு 2,50,000, மீதி உடை, விளக்கு, ஒலி. குழுவில் ஆளுக்கு 10,000 போட்டோம், போன நாடகத்தில் மிஞ்சிய 1,90,000 இருக்கிறது. இன்னும் 4,90,000 வேண்டும். அரங்கப் பணத்தை செப்டம்பர் இறுதிக்குள் கட்டியாக வேண்டும்.

500 யென் கொடுத்தாலும் ரசீது உண்டு. குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாரிடமும் நேரில் கொடுக்கலாம். பணம் முடியாதவர்கள் தையல் வேலைக்கு வாருங்கள், 14 கிமோனோ இன்னும் பாக்கி.