எந்த ஈயின் புழு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூட்டிய வீட்டிலிருந்து சடலம் மீட்கப்பட்ட செய்திகளில், 'உடலில் புழு வைத்திருந்ததால் இறந்து மூன்று நாட்களாவது ஆகியிருக்கும்' என்ற வரியை அடிக்கடி காண்கிறோம். எந்த ஈயின் புழு என்று பாராமல் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதைக் குறிப்பிடவே இக்கடிதம்.

பச்சை ஈயும் நீல ஈயும் முட்டையிடுபவை. அவற்றின் முட்டை பொரிய வெப்பத்தைப் பொறுத்து ஒரு நாள் வரை ஆகலாம். சதை ஈக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால், அது உயிருள்ள புழுக்களையே விட்டுச் செல்கிறது. ஒருமுறை கொல்லையில் மீன் தலையொன்றைத் தட்டில் வைத்துக் காத்திருந்தேன். முதுகில் மூன்று கறுப்புக் கோடுகளும் வயிற்றில் சதுரங்கக் கட்டங்களும் செந்நிறக் கண்களும் கொண்ட சாம்பல் நிறச் சதை ஈ ஒன்று செவுளருகே வந்து அமர்ந்தது. அது பறந்த பிறகு பார்த்தால், அதே இடத்தில் நூலைத் துண்டாக்கிப் போட்டதுபோல் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இப்புழுவைப் பச்சை ஈயினுடையது என்று எண்ணிவிட்டால், இல்லாத முட்டைப் பருவமும் கணக்கில் ஏறிவிடும். சந்தேகத்துக்குள்ளானவர் அன்று ஊரில் இருந்தாரா என்பதே கேள்வியாகும் வழக்கில் இது சிறிய பிழையன்று.

பிரான்சின் ஆர்புவா நகரில் 1850-இல், ஒரு வீட்டின் கணப்படுப்பருகே உலர்ந்துபோன சிசுவின் உடல் கிடைத்தபோது, மருத்துவர் பெர்ஜெரே அதிலிருந்த சதை ஈயின் கூட்டுப்புழு உறைகளையும் அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொண்டு 1848-இலேயே மரணம் நேர்ந்தது என்றார்; சந்தேகமும் அப்போது குடியிருந்தவர்களை விட்டு முன்னர் குடியிருந்தவர்கள்மேல் திரும்பியது. ஆனால், ஈ முழு வளர்ச்சி பெற ஓராண்டு ஆகும் என்று அவர் கருதியது தவறு. கோடையில் சில வாரங்களே போதும். உடலில் போதைப்பொருள் இருந்தாலும் கணக்கு மாறும்: கோகெயின் கலந்த திசுவைத் தின்ற சதை ஈப் புழுக்கள் விரைந்து வளர்வதை ஹவாயில் பூச்சியியலாளர் லீ காஃப் குழுவினர் 1989-இல் காட்டினர்.

எனவே சம்பவ இடத்திலேயே சில புழுக்களை வெந்நீரிலிட்டுப் பின் ஆல்கஹாலில் பாதுகாப்பதும், சிலவற்றை ஈயாகும் வரை வளர்ப்பதும், அவ்விடத்து வெப்பநிலையைக் குறித்துவைப்பதும் அவசியம். சதை ஈயின் இனத்தைப் பெரும்பாலும் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைக் கொண்டோ மரபணுச் சோதனையாலோதான் உறுதிசெய்ய முடியும். அந்த அறிக்கை வரும்வரை தங்கள் நிருபர்கள் நாள் கணக்கை எழுதாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்