அலைனர் மங்குவது அழுக்கால் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பல்லுக்குக் கம்பி கட்டுவதற்குப் பதிலாக, பல் வரிசையின் மேல் உறை மாதிரி மாட்டுகிற, போட்டிருப்பதே தெரியாத பிளாஸ்டிக் அலைனரைக் கேட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரிலும் இப்போது அதிகம். கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமானவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் கம்பியைவிடக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அந்த அலைனர் போட்ட சில நாளிலேயே மோர் ஊற்றிவைத்த டம்ளர் மாதிரி மங்கிப்போனால் மனசு விட்டுப்போகிறது. கூச்சப்பட்டுக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டியதைப் பாதி நேரம் போட்டால் பல் எப்படி நகரும்?

டாக்டர் மொத்தம் எத்தனை செட் அலைனர், எப்போது அடுத்த செட்டுக்கு மாற்றுவது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்புகிறார். கழுவும் முறை மட்டும் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாளாகப் போய்விடுகிறது. நான் பார்த்த தாள்களில் பல்பொடியைப் பற்றியோ போர் தண்ணீரைப் பற்றியோ மஞ்சள் போட்ட குழம்பைப் பற்றியோ ஒரு வரி இல்லை. அதனால் சுத்தத்தில் அக்கறை உள்ளவர்களின் அலைனர்தான் பெரும்பாலும் சீக்கிரம் கெட்டுப்போகிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நல்லாத்தானுங்க அக்கா தேய்க்கிறேன், பேஸ்ட் வெச்சு ரெண்டு நேரமும்" என்பார்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது.

பேஸ்ட் வைத்துத் தேய்த்த அலைனரை எங்கள் நாற்காலி விளக்குக்கு நேராகப் பிடித்தால், பிரஷ் போன திசையிலேயே மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். பேஸ்டில் பல்லைத் தேய்ப்பதற்கென்று நுண்ணிய தூள் சேர்த்திருக்கிறார்கள். பல்லின் மேல்பூச்சு அதைத் தாங்கும். பிளாஸ்டிக் தாங்காது. வெள்ளையாக்கும் பேஸ்ட், கரித்தூள் பேஸ்ட், உப்பு, பல்பொடி எல்லாம் இன்னும் மோசம். கீறல் விழுந்த இடத்தில் கறை பிடிக்கும், கிருமி தங்கும், அப்புறம் வாடை வரும். இந்த மங்கலை எதில் ஊறவைத்தாலும் போக்க முடியாது. அடுத்த செட் வரும்வரை அதோடுதான் இருக்க வேண்டும்.

இன்னொரு வகை மங்கல் போகக்கூடியது. கீழ் அலைனரில் முன்பல் வருகிற இடத்தை, நாக்குப் பக்கமாக நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக வெள்ளையாக ஒரு படலம் தட்டுப்பட்டால் அது காரை. எச்சில் சுரப்பியின் வாய் அந்த இடத்தில்தான் திறக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் முதலில் அங்கே படிகின்றன. மேல் அலைனரில் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கமும் அப்படித்தான். போர் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் விட்டுவிடும். நல்ல தண்ணீரில் அலசினால் வினிகர் வாடையும் போய்விடும். ஆனால் இதைத் தினமும் செய்யத் தேவையில்லை.

மஞ்சளுக்கு வருகிறேன். மஞ்சள் மண்டி உள்ள ஊர்க்காரி என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குழம்பில் எண்ணெயோடு வருவதால் பிளாஸ்டிக்கில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. சாப்பிடும்போது கழற்றுகிறவர்களுக்கும் மஞ்சள் ஏறுகிறதே என்றால், வாய் கொப்பளித்ததோடு பல் துலக்காமல் திரும்ப மாட்டிக்கொள்வதுதான் காரணம். அலைனருக்குப் பிடிப்பு வேண்டும் என்று பல்லின் மேல் டாக்டர் ஒட்டியிருக்கிற சின்னச் சின்னப் புடைப்புகளும் மஞ்சளாகும். அப்போது அலைனர் பளிச்சென்று இருந்தும் பயனில்லை. துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அதே யோசனையில் மொட்டை மாடியில் அலைனரைக் காயவைத்து விடாதீர்கள். ஈரோட்டு வெயிலின் சூடு அதற்கு ஆகாது.

வெந்நீரும் அப்படித்தான். கிருமி சாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். அலைனரே பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் அழுத்திச் செய்வதுதான். மறுபடி சூடு பட்டால் இளகி வடிவம் மாறும். ஒரு செட் ஒரு பல்லை நகர்த்துவது பொதுவாகக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அந்தக் கணக்கில் துளி வளைந்தாலும் பல் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. வாயில் அலைனரோடு சூடான காபி, டீ குடிப்பதும் இதில் சேர்த்தி. கறை ஒரு பக்கம் இருக்கட்டும், சர்க்கரை உள்ளே சிக்கிக்கொண்டால் எச்சில் வந்து கழுவ வழியில்லை, பல் சொத்தையாகும். அலைனர் போட்டிருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும்தான்.

பின்னே எப்படித்தான் கழுவுவது? கழற்றிய உடனே, எச்சில் காய்வதற்கு முன், பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். பாதி அழுக்கு அப்போதே போய்விடும். காலையிலும் இரவிலும் நிறமில்லாத, அதிகம் மணக்காத திரவ சோப்பு ஒரு சொட்டு விட்டு, அதற்கென்று தனியாக வைத்த மெத்தென்ற பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்து, வழுவழுப்பு போக அலசினால் போதும். கையில் சின்ன டப்பா எப்போதும் இருக்கட்டும். கல்யாணப் பந்தியில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலையோரம் வைத்து, இலையோடு சேர்த்து எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு.

பல்செட் கழுவும் மாத்திரை மெடிக்கலில் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டுவிட்டு, அட்டையில் போட்டிருக்கும் நேரம் பார்த்துப் பயன்படுத்தலாம். அதில் ஊறிய அலைனரை அலசாமல் வாயில் வைக்கக் கூடாது. இந்த மாத்திரைகள் பலவற்றில் உள்ள பெர்சல்பேட் என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமை தரும். இதற்காகவே 2008-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தயாரிப்பாளர்களிடம் லேபிளை மாற்றச் சொன்னது. தண்ணீரில் போட்டதும் பொங்குவதால், வயதானவர்கள் குடிக்கிற மாத்திரை என்று எண்ணிவிடவும் வாய்ப்பிருக்கிறது. மற்ற மருந்துகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு பல் சீரமைப்பு நிபுணரைக் கொண்டு இதைப் படத்தோடு எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும். கீறல் எப்படி இருக்கும், காரை எப்படி இருக்கும் என்று இரண்டு அலைனரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டாலே பலருக்குப் புரிந்துவிடும். மருத்துவமனைகளும், வீட்டுக்கே அலைனர் அனுப்புகிற நிறுவனங்களும் பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள் வைக்க வேண்டும். பேஸ்ட் வேண்டாம், வெந்நீர் வேண்டாம் என்ற இரண்டையும் அதில் முதல் வரியாகப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவமனை உதவியாளர்,
ஈரோடு.