பட்டியை விக்கச் சொன்னாய் தம்பி

தம்பி,

முழங்கால் ஏலாத நேரத்தில ஏனப்பா இந்த மாடுகளோட மாரடிக்கிறீங்கள், வித்துப்போட்டு இருங்கோ காசு நான் அனுப்புறன் எண்டு நேற்று போனில சொன்னாய். பாசத்திலதான் சொன்னாய், விளங்குது. ஆனா போனில பதில் சொல்ல வெளிக்கிட்டா அழுதிடுவன், அதுதான் எழுதுறன்.

1995 ஒக்டோபர் 30 சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனமெல்லாம் இடம்பெயரேக்க நீ அம்மாவின்ர கையில பால்குடி. மழை, சனம், நாவற்குழிப் பக்கம் அடி எடுத்து வைக்கேலாத நெரிசல். வீட்டால வெளிக்கிட முன்னம் உன்ர அப்பப்பா, என்ர ஐயா, கொட்டிலுக்குள்ள போய், கட்டி வைச்சா செத்துப்போகுங்கள் எண்டு ஏழு மாட்டின்ர கயிறையும் கத்தியால அறுத்து விட்டார், பிறகு அந்த இருட்டுக்குள்ளயும் தொட்டி நிறையத் தண்ணி இறைச்சு ஊத்தினார். 96 இல திரும்பி வந்தா கொட்டிலும் இல்லை கூரையும் இல்லை. சந்தி ஆவுரஞ்சிக்கல்லில ஒரு மாடு எலும்பும் தோலுமா முதுகைத் தேய்ச்சுக்கொண்டு நிண்டுது. ஐயா கிட்டப் போய் தொடையில சுட்ட குறியைத் தடவிப் பாத்தார், எங்கட சிவப்பி. ஐயா அழுது நான் கண்டது அண்டைக்குத்தான்.

இப்ப நிக்கிற சிவலைப் பசு அவளின்ர வழி.

அந்தக் கல்லு என்ர அப்பு நட்டது. பக்கத்தில துலாக்கிணறும் தொட்டியும், ஆற்ற மாடெண்டாலும் குடிச்சு உரஞ்சிப்போட்டுப் போகலாம். இப்ப ரோட்டை உயர்த்தி உயர்த்தி பாதிக் கல்லுத்தான் வெளியில தெரியுது, பாக்கவே மனம் கேக்குதில்லை. ஊர்ப் புகையிலைத் தோட்டங்களுக்கு எங்கட பட்டி எருத்தான் போகும், காசு வாங்கிறேல்லை, வைக்கல் அவை தருவினம். கன்று போட்டா பிறகு விழுற நஞ்சுக்கொடியை, இளங்கொடியை, சாக்கில கட்டி ஆலமரத்தில தூக்கிறதும் சீம்பாலில கடும்பு காய்ச்சி அயலட்டைக்குக் குடுக்கிறதும் நீயும் கண்டனிதானே, வாளியோட ஓடித் திரிஞ்சதே நீதான்.

ஜேர்சி ரெண்டையும் விக்கிறன், பிண்ணாக்கு விக்கிற விலையில கட்டுதில்லை. சிவலையை விக்கமாட்டன். அது தை முடியக் கன்று போடும். பட்டிப்பொங்கலுக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா, மாட்டுக்கு மாலை அவள் போடட்டும். குறிக்கம்பி சாமியறை மூலையில இருக்கு, கறள் பிடிக்காமல் எண்ணெய் பூசி வைச்சிருக்கிறன். வரேக்க போனமுறை கொண்டந்த முழங்கால் மருந்திலயும் ரெண்டு கொண்டா.

அப்பா