கிரெஸ்ட் ஹில் நகர மன்றத்தாருக்கு: அந்த 82 பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

மதிப்புக்குரிய நகர மன்றத்தாருக்கு,

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இன்று உங்கள் நகரத்துக்குள் அடங்கிய ஸ்டெர்ன் பார்க் கார்டன்ஸ் என்ற சிற்றூர், 1942 ஜூலை 12 அன்று லிடிட்சே என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. செக் நாட்டு லிடிட்சேயை அழித்த நாஜிகள், ஊர்ப் பெயரையே துடைத்துவிட்டதாகத் தாங்களே பெருமையோடு அறிவித்திருந்தார்கள். ஒரு மாதம் கழிந்த கையோடு, கடல் தாண்டி அதே பெயரில் ஓர் ஊர் எழுந்தது. நினைவுச்சின்னம் நட்டார்கள். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட வெண்டல் வில்கி வந்து பேசினார். அந்த மக்களை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் அன்று அங்கே கூடியவர்களுக்கு முழுக் கதையும் தெரிந்திருக்க வழியில்லை.

செக் பகுதியை ஆண்ட நாஜி உயரதிகாரி ரைன்ஹார்ட் ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழி தீர்க்க, அந்தத் தாக்குதலோடு தொடர்பே இல்லாத ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 10 அன்று ஹோராக் பண்ணையில் 173 ஆண்களைச் சுட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாதிரியார் யோசெப் ஷ்டெம்பெர்காவும் அவர்களில் ஒருவர். பெண்களை ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். வீடுகளை எரித்தார்கள், தேவாலயத்தைத் தகர்த்தார்கள், கல்லறைகளைக்கூடத் தோண்டினார்கள். பிள்ளைகளைப் பற்றி மட்டும், தக்க வளர்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அது பொய். 82 பிள்ளைகள் போலந்தில் நாஜிகள் நடத்திய ஹெல்ம்னோ கொலைமுகாமில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டார்கள். ஜூலையின் முதல் நாள்களிலேயே அது நடந்திருக்கும் என்று கருதப்படுகிறது. அப்படியானால் உங்கள் ஊரில் விழா நடந்த நாளில் அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. முகாமிலிருந்து 1945இல் மீண்ட தாய்மார்களுக்கே ஊர் வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. தப்பிப் பிழைத்துத் திரும்பிய பிள்ளைகள் வெறும் 17 பேர்.

செக் லிடிட்சேயில் அந்த 42 சிறுமிகளும் 40 சிறுவர்களும் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். சிற்பி மரியே உகிதிலோவா பல ஆண்டுகள் அதற்காகவே உழைத்தார். சிலைகள் வெண்கலமாகி முடிவதற்குள் 1989இல் இறந்துபோனார்.

உங்களிடம் நான் சிலை கேட்கவில்லை. 1942இன் கல்லில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம், அது அந்த நாளின் சாட்சி. ஆண்டுதோறும் ஜூன் 10 அன்று, அந்தக் கல்லின் முன் 82 பெயர்களையும் வயதோடு வாசியுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளே வாசிக்கட்டும். செக் உச்சரிப்பு தடுமாறினால் பரவாயில்லை, ஒரு பெயரையும் விட்டுவிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்